குழந்தைக்கு டயப்பர் மாற்ற வீட்டில் எந்த இடம் சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவத்துக்கு முன்பே தொட்டில் எங்கே, கொசுவலை எங்கே, துணி காயப்போடும் கொடி எங்கே என்று பெரும்பாலான வீடுகளில் பேசி முடித்துவிடுவார்கள். டயப்பர் மாற்றும் இடத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை செய்யும் வேலை அதுதான். துணி கட்டும் வீடு என்றால் அதைவிடக் கூட. நம் ஊரின் இரண்டு அறை ஃபிளாட், ஓர் அறை வாடகை வீடு, பாட்டி தாத்தாவோடு இருக்கும் வீடு இவற்றை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

இதற்கென்று தனியாக ஓர் இடம் வேண்டுமா? எங்கே கிடக்கிறதோ அங்கேயே மாற்றிவிடக் கூடாதா?

மாற்றலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆய் போன டயப்பரைப் பாதி கழற்றிய பிறகு, ஈரத்துணி அடுத்த அறையில் இருப்பது நினைவுக்கு வரும்போது. அப்போது இரண்டே வழி: குழந்தையை விட்டுவிட்டு ஓடுவது, அல்லது வீட்டையே அதிர வைக்கும் குரலில் யாரையாவது கூப்பிடுவது. இடம் பார்ப்பதில் மற்றதெல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது, ஒரு கை குழந்தையின் மேல் இருக்க, இன்னொரு கைக்குத் தேவையானதெல்லாம் எட்டுகிறதா என்பது. எட்டினால் அது நல்ல இடம். அறை பெரிதா, மேசை அழகா என்பது பொருட்டே இல்லை.

அதனால் ஓர் அறையையோ மூலையையோ முடிவு செய்வதற்கு முன் ஒரு கூடையை முடிவு செய்யுங்கள். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கூடை போதும். கூடை வந்துவிட்டால், எங்கே கிடக்கிறதோ அங்கேயே மாற்றுவதும் தப்பில்லை.

தரையா, கட்டிலா?

என் ஓட்டு தரைக்குத்தான். தரையில் கிடக்கும் குழந்தை கீழே விழ முடியாது. இந்த ஒரு காரணத்துக்கு முன்னால் மற்ற வசதிகள் எல்லாம் நிற்காது.

குழந்தைகள் பொதுவாக நான்கு மாதத்துக்கு மேல்தான் புரளத் தொடங்குகின்றன. சில குழந்தைகள் அதற்கு முன்பே புரண்டுவிடும். புரளாத குழந்தையும் காலை உதைத்து உதைத்து ஓரடி நகர்ந்துவிடும். "இது இன்னும் திரும்பவே ஆரம்பிக்கல" என்று நம்பிக் கட்டில் ஓரத்தில் விட்டுவிட்டு டயப்பர் எடுக்கத் திரும்புவதுதான் ஆபத்து, ஏனென்றால் எந்தக் குழந்தையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு முதல் தடவை புரள்வதில்லை.

தரையில் செய்யும்போது வெறும் பாய் போதாது. முதுகுக்கு உறுத்தும், குளிர்காலத்தில் டைல்ஸின் சில்லிப்பும் ஏறும். பாய் மேல் நான்காக மடித்த ஜமக்காளம் அல்லது பழைய போர்வை, அதன் மேல் ரப்பர் ஷீட், அதற்கும் மேல் ஒரு பருத்தித் துணி. ரப்பர் ஷீட் மேல் குழந்தையை நேரடியாகப் போடாதீர்கள், முதுகு வேர்த்து வியர்க்குரு வந்துவிடும். குழந்தையின் தலை சுவர்ப் பக்கம், கால் உங்கள் பக்கம். நீங்கள் மணையிலோ மடித்த போர்வையிலோ உட்கார்ந்து கால்களை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டால் குழந்தை நடுவில் வரும். குனிவது குறையும், குழந்தை எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்கள் கால் தடுக்கும்.

கட்டிலில்தான் மாற்றுவேன் என்றால், ஓரத்தில் உட்கார்ந்து செய்யாமல், நீங்களும் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, குழந்தையை நட்டநடுவில் போட்டு மாற்றுங்கள். சோபா வேண்டவே வேண்டாம். அகலம் குறைவு, மெத்தை சரிவு, இடுக்கு வேறு.

கட்டிலின் இரண்டு பக்கமும் தலையணை அடுக்கி வைத்தால் போதாதா?

போதாது. உதைக்கும் குழந்தை தலையணையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போகும். முகத்தருகே மெத்தென்ற தலையணை இருப்பது மூச்சுக்கும் ஆபத்து.

சிசேரியன் ஆகியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. என்ன செய்வது?

இங்கே என் தரைக் கட்சி செல்லாது. தையல் ஆறும்வரை, பொதுவாக முதல் ஆறு வாரம், கீழே உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது எல்லாம் வயிற்றை இழுக்கும். அந்த நாட்களில் தாய்க்குக் கட்டில்தான் வசதி. ஆனால் கட்டிலில் செய்வதாக இருந்தால் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். குழந்தையைத் தூக்கித் தருவது, அழுக்கானதை வாங்கிக்கொண்டு போவது, வெந்நீர் கொண்டுவருவது எல்லாம் அவர் வேலை. தாய் டயப்பரை ஒட்டினால் போதும். சொல்லப்போனால் அதையும் அவரே ஒட்டலாம்.

துணைக்கு ஆள் என்றால் உடனே அம்மாவையும் மாமியாரையும் பார்க்காதீர்கள். தகப்பனுக்கு இதைவிட நல்ல வேலை அந்த ஆறு வாரத்தில் வேறு இல்லை. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமே அவர் கையால் முடியும். அவர் மாற்றும்போது மட்டும் இடம் தரைக்கு மாறலாம்.

டயப்பர் மாற்றுவதற்கென்றே மேசை விற்கிறார்களே, வாங்கலாமா?

முதுகுவலி உள்ளவர்களுக்கும், முட்டி மடங்காத தாத்தா பாட்டிகள்தான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற வீட்டுக்கும் அது உதவும். நின்றபடி செய்யலாம். மற்றவர்களுக்கு இரண்டு அறை ஃபிளாட்டில் அது அடைக்கும் இடம் அதிகம், பயன்படும் காலம் குறைவு. குழந்தை புரளத் தொடங்கியதும் அதே மேசை உங்களைப் பயமுறுத்தத் தொடங்கும்.

வாங்குவதாக இருந்தால் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கு பக்கமும் குறைந்தது 2 அங்குலம் உயர்ந்த விளிம்பு வேண்டும், நடுப்பகுதி சற்றுக் குழிவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. வார் இருந்தாலும் அதை நம்பிக் கையை எடுக்கக் கூடாது என்பதும் அவர்கள் சொல்வதுதான். கணினி மேசை, இஸ்திரி மேசை, டிரெஸ்ஸிங் டேபிள் இவற்றையெல்லாம் இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். வாஷிங் மெஷினின் மேல்பலகை உயரம் சரியாக இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றும். அது வழுக்கும், ஓடும்போது அதிரும், விளிம்பும் கிடையாது.

சாப்பாட்டு மேசையைப் பற்றி யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எந்த அறையில் வைத்துக்கொள்வது?

பகலில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில். ஹாலா பெட்ரூமா என்பது இரண்டாம் பட்சம்.

வெளிச்சத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பச்சைக் குழந்தை உடம்புக்கு என்ன என்று வாய்விட்டுச் சொல்லாது, அதன் துணி சொல்லும். பிறந்த ஓரிரு நாள் கறுப்பும் கரும்பச்சையுமாகப் பிசின் மாதிரி வரும் மலம், தாய்ப்பால் குடிக்கக் குடிக்க மஞ்சளாக மாறும். அது வெளிறி, வெள்ளையாகவோ களிமண் நிறத்திலோ வந்தால் காத்திருக்கக் கூடாது. ஈரலிலிருந்து பித்தம் இறங்கும் பாதையில் அடைப்பு இருக்கலாம். அதைப் பிறந்த சில வாரங்களுக்குள் கண்டுபிடிப்பது மிகமிக முக்கியம். மூச்சாவின் நிறமும் அப்படியே. முதல் சில நாள் செங்கல் நிறத்தில் லேசான கறை பட்டால் பெரும்பாலும் பயமில்லை. பிறகும் தொடர்ந்தால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு துணியாவது நனைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

மஞ்சள் காமாலையும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். மஞ்சள் பல்பின் கீழே எல்லாக் குழந்தையும் ஒரே நிறம்தான். டயப்பர் பட்ட இடம் தடித்துச் சிவந்திருப்பதும், தொடை மடிப்பில் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் பரவியிருப்பதும் இருட்டு மூலையில் கண்ணுக்குத் தப்பிவிடும். மடிப்புக்குள் அப்படிப் புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாதாரணத் தடிப்புக் களிம்பால் அது போகாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆக, வீட்டிலேயே வெளிச்சம் அதிகமாக விழும் சுவரோரம் எது என்று பாருங்கள். விருந்தாளி வந்துபோகும் ஹாலாக இருந்தால் ஒரு திரைச்சீலை போதும். குழந்தைதானே என்று நான்கு பேர் நடுவில் வைத்து மாற்றுவதும், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் எனக்கு ஒப்பவில்லை.

ஃபேனுக்கு நேர் கீழே மாற்றலாமா? ஏசி அறையில்?

ஈர உடம்பில் காற்றுப் பட்டால் பிறந்த குழந்தையின் உடல் சூடு சீக்கிரம் இறங்கும். கழுவித் துடைத்து முடிக்கும்வரை ஃபேனைக் குறைத்து வையுங்கள். ஏசியின் காற்று நேரே முகத்தில் அடிக்காத பக்கம் போதும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. குழந்தையும் வேர்க்கும், நீங்களும் வேர்ப்பீர்கள்.

ஓர் அறை வீடு. அடுப்பும் அதிலேயே ஒரு மூலையில். எங்கே போவது?

அடுப்புக்கு எதிர்மூலை. தூரத்தை விட வேலையின் வரிசைதான் முக்கியம். மாற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் பாத்திரம், தண்ணீர்க்குடம், பால் புட்டி எதையும் தொட வேண்டும். குழந்தையின் மலம் மணமில்லாமல் இருந்தால் சுத்தம் என்று ஒரு நினைப்பு நம் ஊரில் இருக்கிறது. அப்படி இல்லை. பெரியவர்களின் மலத்தில் இருப்பதுபோலவே அதிலும் கிருமிகள் உண்டு. போலியோ, ரோட்டா சொட்டு மருந்து கொடுத்த பிறகு அந்தத் தடுப்பூசி வைரஸ் சில வாரம்வரை மலத்தில் வெளியேறும். வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களோ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ இருந்தால் இந்தக் கை கழுவும் விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள்.

வீட்டில் எறும்பு வரும் தடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் பாயை விரிக்காதீர்கள். பாயைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பது அதைவிட மோசம். அது பூச்சிமருந்து. குழந்தையின் கை அதில் பட்டு வாய்க்குப் போகும்.

பாத்ரூமிலேயே வைத்து மாற்றிக் கழுவிவிட்டால் வேலை ஒரே இடத்தில் முடிந்துவிடுமே?

கழுவ பாத்ரூம் சரி, மாற்ற வேண்டாம். ஈரத்தரையில் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் டயப்பர் என்று நிற்பது உங்களுக்கே ஆபத்து. அழுக்கை வெளியே முதலில் துடைத்துவிட்டு, குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி, துண்டில் சுற்றிக்கொண்டு திரும்ப பாய்க்கு வந்துவிடுங்கள். எனவே பாயிலிருந்து பாத்ரூம் ஏழெட்டு அடிக்குள் இருந்தால் உத்தமம்.

கழுவும்போது குழந்தையை உங்கள் முன்னங்கையில் குப்புறச் சாய்த்துப் பிடித்து, வாஷ்பேசினிலோ பக்கெட் பக்கத்திலோ மறு கையால் தண்ணீர் விடுவது ஒரு முறை. பாட்டிமார் செய்வது வேறு. தாழ்ந்த மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் குப்புறப் போட்டு, மக்கில் வெந்நீர் எடுத்து ஊற்றுவார்கள். கை பழகியவர்களுக்கு அதைவிடப் பத்திரமான பிடி கிடையாது. பழகாதவர்கள் பாட்டி ஊருக்குப் போவதற்கு முன் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கோடையில் மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் நம் கையையே சுடும். குழாயைத் திறந்ததும் நேரே குழந்தை மேல் பிடிக்காதீர்கள். முதலில் உங்கள் முழங்கையிலோ மணிக்கட்டின் உட்புறத்திலோ பட்டுப் பாருங்கள். ஹீட்டர் தண்ணீருக்கும் இதேதான். மேற்கத்திய டாய்லெட்டின் பக்கத்தில் தொங்கும் கைக்குழாயின் வேகம் பெரியவர்களுக்கானது. அதைப் பச்சைக் குழந்தைக்குப் பிடிக்க வேண்டாம்.

பெண் குழந்தையை எங்கே வைத்துக் கழுவினாலும் துடைத்தாலும் முன்னிருந்து பின்னாகத்தான். பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை, இழுத்தால் காயமாகும்.

இரவில் எங்கே?

குழந்தை படுக்கும் இடத்திலேயே, அல்லது அதற்கு ஒரு கை தூரத்தில். இரவு இரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, டியூப்லைட்டைப் போட்டு, பேசிக்கொண்டே மாற்றினால் குழந்தை விளையாடத் தயாராகிவிடும். பிறகு விடியும்வரை உங்களுக்குத் தூக்கம் இல்லை. மங்கலான ஒரு விளக்கு, பேச்சுக் கிடையாது, வேலை முடிந்ததும் இருட்டு. கரண்ட் போகும் ஊர் என்றால் கூடையில் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். ஒரு கையில் செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு மறு கையால் டயப்பர் மாற்றிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

டயப்பர் போட்டிருந்து வெறும் மூச்சா மட்டும் என்றால், தடிப்பு இல்லாத குழந்தையை ஒவ்வொரு முறையும் எழுப்பி மாற்ற வேண்டியதில்லை. ஆய் போயிருந்தால் உடனே. மலமும் சிறுநீரும் சேர்ந்தால்தான் தோல் வேகமாகப் புண்ணாகிறது.

பாலுக்கு முன்பா பின்பா என்பதும் இடத்தோடு சேர்ந்த கேள்விதான். வயிறு நிறைந்த குழந்தையைப் படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கினால் குடித்தது வெளியே வரும். பாலுக்கு முன் மாற்றுங்கள், அல்லது ஒரு பக்கம் கொடுத்து முடித்து மறுபக்கம் மாற்றும் இடைவெளியில் மாற்றுங்கள். அதனால் இரவில் பால் கொடுக்கும் இடமும் டயப்பர் மாற்றும் இடமும் ஒன்றாக இருப்பதே நல்லது.

தூளியில் கிடக்கும்போதே மாற்றிவிடலாமா? தூங்குகிறதே!

நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம், மாற்றக் கூடாது. தூளி ஆடும், துணி மடியும், குழந்தை ஒரு பக்கமாக உருளும், உங்கள் இரண்டு கையும் டயப்பரில் மாட்டிக்கொண்டிருக்கும். எடுத்துத்தான் மாற்ற வேண்டும். மரத்தொட்டிலில் பக்கக் கம்பி உயரமாக இருந்தால் உள்ளேயே மாற்றலாம், முதுகு தாங்கினால்.

கூடையில் என்னென்ன வைப்பது?

அடுத்து மாற்றப்போகும் ஒன்றுக்குப் பதிலாக மூன்று டயப்பராவது வையுங்கள், ஏனென்றால் புதிதாகப் போட்ட மறு நிமிடமே நனைத்துவிடுவது இந்த வயதின் வழக்கம். மெல்லிய பருத்தித் துணித் துண்டுகள், ஒரு கிண்ணம், மாற்றுச் சட்டை, ஒரு சின்னத் துண்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு, அழுக்கைச் சுற்ற பழைய செய்தித்தாள். வீட்டில் இருக்கும்போது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். வைப்ஸ் வெளியூர்ப் பயணத்துக்கு. வைப்ஸ்தான் வேண்டும் என்றால் வாசனையில்லாததாகப் பாருங்கள். இரவுக்கு ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். ஆனால் அதைக் கூடையில் வைக்காமல் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பவுடர் டப்பாவைக் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இதைச் சொன்னால் சண்டை வரும், தெரியும். பவுடர் தூள் பறந்து குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. தொடை இடுக்கில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உராய்கிறது. வாசனைக்காகவா இவ்வளவும்?

பெரியவர்கள் பீரோவிலிருந்து எடுத்துத் தரும் பழைய வேட்டித் துணியை அப்படியே கட்டாதீர்கள். பாச்சா உருண்டை போட்டு வைத்த துணியாக இருக்கும். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் பாச்சா உருண்டையே போடாமல் இருப்பதுதான் பத்திரம்.

பிளாஸ்டிக் பை, ஊக்கு, புது டயப்பர் பொட்டலம் எல்லாம் உங்கள் கைக்கு எட்டட்டும், குழந்தையின் கைக்கு எட்ட வேண்டாம். ஐந்தாறு மாதத்தில் டயப்பரின் பிளாஸ்டிக்கைக் கிழித்து வாயில் போடும்.

தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. இடம் ஏதாவது மாறுமா?

இடம் மாறாது. டயப்பரின் மேல்விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள், அவ்வளவுதான். பொதுவாக இரண்டு வாரத்துக்குள், சில குழந்தைகளுக்கு மூன்று வாரத்துக்குள் உலர்ந்து விழுந்துவிடும். அதுவரை அந்த இடம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

நாங்கள் பகலில் துணிதான் கட்டுகிறோம். அதற்கும் இந்த ஏற்பாடெல்லாம் வேண்டுமா?

துணி என்றால் மாற்றும் இடம் என்று ஒன்று இல்லை. குழந்தை கிடக்கும் இடமே மாற்றும் இடம். நனைந்த மறு கணம் தெரிந்துவிடும், உருவிவிட்டு இன்னொன்றை முக்கோணமாக மடித்துக் கட்டிவிடுவீர்கள். இங்கே யோசிக்க வேண்டியது நனைந்த துணி எங்கே போகும் என்பதைத்தான். மூடி வைத்த இரண்டு பக்கெட், பாத்ரூமில். மூச்சாத் துணி ஒன்றில், ஆய்த் துணி ஒன்றில். ஆயை முதலில் கழிப்பறையில் உதறிக் கழுவிவிட்டுத்தான் பக்கெட்டில் போட வேண்டும். கடைசி அலசலில் டெட்டால் ஊற்றுவதை விட நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, நல்ல வெயிலில் காயவைப்பது மேல். மருந்து மிச்சமிருந்தால் தோல் எரியும். வாசனைத் திரவம் சேர்த்தால் துணி ஈரம் உறிஞ்சுவதும் குறையும்.

அழுக்கு டயப்பரை எந்தக் குப்பையில் போடுவது? வாடை வருகிறது.

கெட்டியான மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். வாடையில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும். டயப்பரைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் உப்பிக் குழாயை அடைத்துவிடும், அடுக்குமாடியில் அது கீழ்வீட்டுக்காரரின் பிரச்சினையும் ஆகிவிடும். சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். உறையிலோ தாளிலோ நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. காய்கறிக் கழிவோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், காலையில் அதைக் கையால் பிரிக்கப்போவது தூய்மைப் பணியாளர். பொட்டலத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மூடி போட்ட தொட்டியைப் பாய்க்குப் பக்கத்தில் வைக்காமல் பாத்ரூம் வாசலிலோ பால்கனியிலோ வையுங்கள். தினமும் காலி செய்யுங்கள்.

"வடக்கே தலை வைத்துப் போடாதே", "பூஜை அறை பக்கம் மாற்றாதே" என்கிறார் மாமியார். என்ன சொல்வது?

"சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பாயைத் திருப்பிப் போடுங்கள். ஒரு செலவும் இல்லை. பூஜை அறை வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வீட்டில் வேறு ஜன்னல் இருக்கும். உங்கள் பிடிவாதத்தைப் பவுடருக்கும் கட்டில் ஓரத்துக்கும் சேமித்து வையுங்கள்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். மூன்றாம் மாதம் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறோம். அங்கிருந்த மாதிரியே செய்துகொள்ளலாமா?

முடியாது. அம்மா வீட்டில் கூப்பிட்டால் வர ஆள் இருந்தது. ஃபிளாட்டில் பகல் முழுக்க நீங்கள் ஒருத்தி. அதனால் அங்கே கூடத்தின் கட்டிலில் மாற்றிப் பழகியிருந்தாலும் இங்கே தரைக்கு வந்துவிடுங்கள். வருவதற்கு முந்தின நாளே கணவரை இரண்டு இடம் தயார் செய்து வைக்கச் சொல்லுங்கள். ஒன்று பகலுக்கு ஜன்னலோரம், இன்னொன்று இரவுக்குப் படுக்கைக்குப் பக்கத்தில். இரண்டு கூடை வாங்க வேண்டியதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கூடையை நிரப்பி இடம் மாற்றினால் ஆயிற்று. காலிங்பெல் அடித்தால்? அடிக்கட்டும். முக்கியமானவர் என்றால் குழந்தையை அரை டயப்பரோடு தூக்கிக்கொண்டு போய்த் திறங்கள். குக்கர் விசிலுக்கும் இதே பதில்தான். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு உட்காருவது இன்னும் நல்லது.

மூத்தவனுக்கு மூன்று வயது. பாயைச் சுற்றியே நிற்கிறான். விரட்டினால் அழுகிறான்.

விரட்டாதீர்கள். "அந்தத் துணியை எடுத்துக் கொடு" என்று ஒரு வேலை கொடுங்கள். கால் பக்கம் உட்காரட்டும், தலைப் பக்கம் வேண்டாம். தடுக்கி விழுந்தால் குழந்தையின் முகத்தில் விழுவான். வேலை முடிந்ததும் அவன் கையையும் கழுவிவிடுங்கள்.

எட்டு மாதம். படுக்கவே மாட்டேன் என்கிறது, திருப்பிப் போட்டதும் தவழ்ந்து ஓடுகிறது. எந்த இடம்தான் சரி?

இனி இடம் உங்கள் கையில் இல்லை, அது ஓடி நிற்கும் இடம்தான். மேசையும் கட்டிலும் இந்த வயதோடு முடிந்துவிட்டன. மூச்சா மட்டும் என்றால் ஜட்டி மாதிரி இழுத்து மாட்டும் டயப்பருக்கு மாறுங்கள். சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே பக்கவாட்டில் கிழித்து எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டிவிடலாம். ஆய் என்றால் மட்டும் பாத்ரூமுக்கு நேரே தூக்கிக்கொண்டு போங்கள். படுக்க வைத்தே ஆக வேண்டிய நேரத்தில் கையில் ஒரு கரண்டியைக் கொடுங்கள். மாற்றும் நேரத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த கரண்டியாக இருந்தால் ஒரு நிமிடம் கிடைக்கும். நல்ல நாளில் ஒன்றரை.